மொழியியல் மேற்படிப்பும் நம் பிள்ளைகளும்

(சங்க வெள்ளிவிழாவையொட்டி ஏற்காட்டில் நடைபெற்ற இளைஞர் கருத்தரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பட்டப்படிப்பிற்குப் பின் என்ன படிக்கலாம் என்பது பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். ஆசிரியர் பயிற்சி, செவிலியர் படிப்பு, தேர்வாணையத் தேர்வு ஆகியவை குறித்து எனக்கு முன் பேசிய நண்பர்கள் விரிவாகவே எடுத்துரைத்துவிட்டார்கள். ஆகவே நான் இம்மேடையில் இதுவரை எவரும் பெயர்கூடக் குறிப்பிடாத ஒரு படிப்பைப் பற்றி மட்டுமே பேச விரும்புகிறேன். மொழியியல் என்பது அதன் பெயர். நான் அத்துறையில் பட்டம் பெற்றவன் அல்லன், பி.ஏ., பி.எட். படித்த பள்ளி ஆசிரியன். என்னிடம் பயின்ற மாணவி ஒருவர் அப்படிப்பிற்கு விண்ணப்பித்தபோது, அவருக்காகப் படிவங்களையும் விதிகளையும் நூல்களையும் புரட்டிப் பார்க்க நேர்ந்தது. அவ்வாறு அறிந்தவற்றை உங்கள்முன் வைக்கிறேன்.

மொழியியல் என்றவுடன் மேடையில் அழகாகப் பேசும் கலை என்றோ, பல மொழிகளைக் கற்றுக்கொள்வது என்றோ பலர் எண்ணுகின்றனர். மனிதர் பேசும் பேச்சு எவ்விதிகளின்படி இயங்குகிறது என்று ஆராயும் அறிவுத்துறை அது. நம் வகுப்பறையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். 'ஏழு' என்பதை 'ஏளு' என்றும், 'கோழி' என்பதைக் 'கோளி' என்றும் சொல்லும் குழந்தையை நாக்குத் தடித்த பிள்ளை என்று நாம் ஏசுகிறோம். மொழியியல் அறிஞரோ அக்குழந்தையின் வாயைக் கூர்ந்து கவனிக்கிறார். மழை மளை ஆகிறது, பழம் பளம் ஆகிறது, கிழவன் கிளவன் ஆகிறான். ழகரம் வருமிடமெல்லாம் தவறாமல் ளகரம் வருகிறது. ஒழுங்காக நிகழும் மாற்றத்தைப் பிழை என்று ஒதுக்கிவிட இயலாது. கன்னடத்தைப் பாருங்கள். அங்கே ஏழு என்பது ஏளு, கோழி என்பது கோளி, மழை என்பது மளெ. அண்டை மாநிலம் முழுவதும் பாடநூலில் எழுதிப் படிக்கும் வடிவத்தைத்தான் நம் பிள்ளை பேசுகிறது! தெலுங்கிலோ ஏழு ஏடு ஆயிற்று. கோழி கோடி ஆயிற்று. பழைய ழகரம் ஒரு மொழியில் ஒரு வழியும் மற்றொரு மொழியில் வேறு வழியும் சென்றிருக்கிறது.

சேலம் மாவட்டத்தில் நம் அருந்ததிய உடன்பிறப்புகளின் வீடுகள் பலவற்றில் தெலுங்கும், சிலவற்றில் கன்னடமும் பேசப்படுவதை நீங்கள் அறிவீர்கள். அவ்வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கு வந்ததும் அம்மொழியை மறைக்கின்றனர். நண்பர்கள் சூழ இருக்கையில் தாய் வந்து அழைத்தால் தமிழில் மறுமொழி கூறுகின்றனர். அந்தக் கூச்சம் எனக்குப் புரிகிறது. ஆயினும் தெலுங்கு வீட்டில் 'பாலு' என்றும் கன்னட வீட்டில் 'ஹாலு' என்றும் கேட்டு வளர்ந்த பிள்ளை, பகரம் கன்னடத்தில் ஹகரமாயிற்று என்ற செய்தியை நூலின்றியே அறிந்திருக்கிறது. பல், ஹல்லு, பூ, ஹூவு. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய மாற்றம் இது. பல்கலைக்கழகத்தில் இதை வகுப்பெடுத்துத்தான் விளக்குகிறார்கள். நம் பிள்ளை கற்க வேண்டியது அதற்கான விதியையும் அதை எழுதிக்காட்டும் முறையையுமே.

இம்மலையையே எடுத்துக்கொள்வோம். சேர்வராயன் மலையில் வாழும் நம் அண்டை அயலாரான மலையாளிப் பழங்குடியினர் பேசுவது தமிழ். மலையை ஆள்பவர் என்று பொருள்படும் அப்பெயரைக் கேட்ட வெளியூரார், அவர்கள் கேரளத்திலிருந்து வந்தோர் என்று எண்ணிக் குழம்புவதை நாம் அடிக்கடி காண்கிறோம். தோட்டங்களிலோ சமவெளியிலிருந்து வந்த நம் முன்னோரின் பேச்சும், மலைப் பேச்சும், மேலதிகாரிகளின் ஆங்கிலமும் கலந்து வழங்கின. நாம் நாள்தோறும் சொல்லும் 'மேஸ்திரி' போர்த்துகீசியச் சொல். 'கங்காணி'யோ கண்காணி என்னும் தூய தமிழ். நாகலூரில் பேசும் தமிழுக்கும் வெள்ளக்கடையில் பேசும் தமிழுக்கும் தோட்டத்து வரிசை வீடுகளில் பேசும் தமிழுக்கும் உள்ள வேறுபாடுகளை யாரேனும் முறையாகப் பதிவு செய்ய வேண்டாமா? பக்கத்திலுள்ள கொல்லிமலைத் தமிழைப் பற்றிக் கு. கருணாகரன் எழுதிய ஆய்வு நூலை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1971-இல் வெளியிட்டது. அந்நாளில் அப்பல்கலைக்கழகம் வட்டாரத் தமிழ் ஒவ்வொன்றையும் தேடித்தேடி ஆராய்ந்தது.

இனி நம்மை நேராகத் தொடும் செய்திக்கு வருகிறேன். ஸ்டீபன் லெவின்சன் என்னும் ஆங்கிலேய அறிஞர் 1970-களில் கோயம்புத்தூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் தங்கினார். எந்தச் சாதியார் எந்தச் சாதியாரை 'நீ' என்கின்றனர், யாரை 'நீங்க' என்கின்றனர், யார் யாருக்கு 'ங்க' சேர்த்துப் பேசுகின்றனர் என்பதையெல்லாம் பதிவு செய்து, 1977-இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர் பெனலோப்பி பிரவுன் என்னும் அறிஞருடன் சேர்ந்து, பேச்சில் மரியாதை என்பது எவ்வாறு இயங்குகிறது என்று ஒரு பெருங்கட்டுரை எழுதினார். 1978-இல் வந்த அது, 1987-இல் தனி நூலாகக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தால் வெளியிடப்பட்டது. மெக்சிகோ நாட்டுப் பழங்குடி மொழி ஒன்று, ஆங்கிலம், தமிழ் ஆகிய மூன்றும் அதற்கு அடிப்படை. உலகில் மொழியியல் பயிலும் மாணவர் பெரும்பாலோர் அந்நூலைத் தொடாமல் பட்டம் பெறுவதில்லை. சேரியில் வாழ்ந்த நம்மவர் நிலவுடைமையாளர்முன் எவ்வாறு பேசினர் என்பது அதில் எடுத்துக்காட்டாக நிற்கிறது. நம் பாட்டன் குனிந்து சொன்ன சொல் கேம்பிரிட்ஜ் வரை சென்று கோட்பாடாகியிருக்கிறது!

அவ்வறிஞர்மீது எனக்கு மனத்தாங்கல் சிறிதும் இல்லை. அவர் வந்து எழுதியிராவிட்டால் அச்செய்தி பதிவே ஆகியிராது. நான் கேட்பது வேறு. மொழியைத் தந்தவராகவே நாம் எத்தனை தலைமுறை இருப்பது? தந்த மொழியை ஆராய்ந்து எழுதுவோராக நம் பிள்ளைகள் எப்பொழுது அமர்வது?

இதில் பெருமை மட்டும் பொருள் என்று எண்ணிவிடாதீர்கள். உள்ளிருப்பவர் ஆராயும்போது உண்மையே மாறித் தெரிகிறது. அமெரிக்காவில் தென் கரோலினா, ஜார்ஜியா கடற்கரைத் தீவுகளில் வாழும் கறுப்பின மக்கள் 'கல்லா' என்னும் பேச்சைப் பேசுகின்றனர். அது ஆங்கிலத்தைச் சரியாகப் பேசத் தெரியாதவரின் உளறல் என்றே வெள்ளையர் எழுதிவந்தனர். லொரன்சோ டோ டர்னர் என்னும் கறுப்பினப் பேராசிரியர் 1930-களில் அத்தீவுகளுக்குச் சென்றார். வெள்ளையர் வந்தபோது ஒருவகையாகவும் தம்மவரிடம் வேறுவகையாகவும் அம்மக்கள் பேசினர் என்பதை அவர் கண்டார். ஆப்பிரிக்க மொழிகளைக் கற்று ஒப்பிட்டு, ஆயிரக்கணக்கான சொற்களும் பெயர்களும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை என்று நாட்டி, 1949-இல் நூலாக வெளியிட்டார். அதுவரை சொல்லப்பட்டுவந்த உளறல் கதை அத்துடன் தகர்ந்தது. நம் வீட்டில் ஒரு பேச்சும் பண்ணையார் வாசலில் வேறொரு பேச்சும் பேசிப் பழகிய நமக்கு இதன் பொருளை விளக்கிச் சொல்லவேண்டிய தேவையில்லை.

மற்றொன்றும் கூறுகிறேன். ஜான் கம்பர்ஸ் என்னும் அறிஞர், உத்தரப்பிரதேசத்துக் காலாப்பூர் என்னும் ஊரின் பேச்சை ஆராய்ந்து 1958-இல் ஒரு கட்டுரை எழுதினார். அவ்வூரில் மற்றச் சாதியாரின் பேச்சுகளுக்கிடையே வேறுபாடு குறைவாகவும், தீண்டாமைக்கு உட்படுத்தப்பட்டோரின் பேச்சு தனித்தும் இருந்தது. காரணம் என்ன? அம்மக்கள் நாள் முழுவதும் மற்றவர் வயலிலும் வீட்டிலும் வேலை செய்தவர்கள்தாம். தொடர்பு இல்லாமல் இல்லை. ஆயினும் வேலைத் தொடர்பு பேச்சை ஒன்றாக்கவில்லை. நட்பாக உடன் அமர்ந்து உரையாடுவதும் குழந்தைகள் கூடி விளையாடுவதுமே பேச்சை ஒன்றாக்குகின்றன என்று அவர் கண்டறிந்தார். சாதியின் வேலி எங்கே ஓடுகிறது என்பதை நாவின் அசைவைக் கொண்டே அளந்துகாட்ட இயலும் என்பது எனக்குப் பெரும் வியப்பாக இருந்தது.

அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் தொடங்கிய இதழில் சொற்களின் வேர்களைத் தோண்டித் தோண்டி எழுதினார். நம்மேல் சுமத்தப்பட்ட பெயர்களுக்குப் புதுப்பொருள் கண்டார். அவர் காட்டிய சொற்பிறப்புகள் பலவற்றை இன்றைய மொழியியல் ஏற்காது. அதை மறைக்கவேண்டியதும் இல்லை. ஆயினும் இழிவு சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது, அங்கேதான் தேடவேண்டும் என்று கண்டவர் அவர். பள்ளியில் சமஸ்கிருதம் பயில இடம் மறுக்கப்பட்டுப் பாரசீகம் பயின்ற அண்ணல் அம்பேத்கர், பிற்காலத்தில் தாமே முயன்று பாலி மொழிக்கு அகராதியும் இலக்கணமும் தொகுத்தார். மொழியாராய்ச்சி நமக்குப் புதிய தொழில் அன்று.

சரி, வழி என்ன? எங்கே படிப்பது?

தமிழ்நாட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், கோவைப் பாரதியார் பல்கலைக்கழகம், தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் மொழியியல் துறைகள் உள்ளன. கேரளப் பல்கலைக்கழகம், ஐதராபாத்தில் உஸ்மானியா, புனேயில் டெக்கான் கல்லூரி ஆகியவை பழைமையான துறைகளைக் கொண்டவை. ஐதராபாத் மத்திய பல்கலைக்கழகம், டெல்லிப் பல்கலைக்கழகம், ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் ஆகியவற்றிலும் இத்துறை உண்டு. மைசூரில் 1969-இல் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் ஆராய்ச்சிக்கு உரிய இடம். எம்.ஏ. மொழியியலில் சேரப் பெரும்பாலான இடங்களில் ஏதேனும் ஒரு பட்டம் போதும். தமிழ், ஆங்கிலம் படித்தவர்தாம் வரவேண்டும் என்பதில்லை. கணிதம் படித்தவர் இதில் நன்றாகவே பிரகாசிப்பார் என்பது என் எண்ணம்.

மத்திய பல்கலைக்கழகங்கள் பலவற்றில் சேர, 2022 முதல் கியூட் முதுநிலைத் தேர்வு நடைபெறுகிறது. அதில் மொழியியலுக்கு எனத் தனித் தாள் உண்டு. தேர்வு கணினி வழியில். அறிவிப்பு கோடையில் வரும் என்று காத்திருந்தால் வண்டி போய்விடும். அண்மை ஆண்டுகளில், முந்திய ஆண்டின் இறுதியிலோ புத்தாண்டின் தொடக்கத்திலோ பதிவு முடிந்து, மார்ச் மாத அளவில் தேர்வே நடந்துவிட்டது. இறுதியாண்டுப் பருவத் தேர்வு முடியட்டும், பிறகு பார்ப்போம் என்பது நம்மவர் வழக்கம். காப்பிப் பழம் பறிக்கும் அதே மாதங்களில்தான் இவ்விண்ணப்பங்களும் வருகின்றன என்று நினைவில் வையுங்கள். வீட்டில் எல்லாரும் தோட்டத்தில் இருக்கும் நேரம் அது. ஆகவே சாதிச் சான்று, வருமானச் சான்று ஆகியவற்றை ஆடி ஆவணியிலேயே வாங்கி வைத்துவிட வேண்டும்.

பணத்திற்கு வருவோம். பெற்றோரின் ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சத்திற்கு உட்பட்டிருந்தால், 1944-இல் தொடங்கப்பட்ட போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை எம்.ஏ.விற்கும் உண்டு. வெளிமாநிலத்தில் படித்தாலும் அது நின்றுவிடாது. முதுகலைக்குப் பின் நெட் தேர்வில் மொழியியல் ஒரு பாடம். அதில் இளநிலை ஆய்வாளராகத் தேர்வு பெற்றால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். பட்டியல் சாதி மாணவர்க்கெனத் தனியே தேசிய ஆய்வு உதவித்தொகையும் 2005-06 முதல் வழங்கப்பட்டு வருகிறது.

வெளிநாட்டைப் பற்றிக் கேட்கிறீர்கள். அங்கே செல்வது செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரியது என்பது பாதி உண்மை. எம்.ஏ. படிக்கச் சென்றால் கட்டணம் நம்மைத் தின்றுவிடும். ஆனால் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் மொழியியல் முனைவர் படிப்பில் சேர்த்துக்கொண்டால், பெரும்பாலும் கல்விக் கட்டணத்தைத் தள்ளி, வகுப்பில் உதவி ஆசிரியராகப் பணிபுரிவதற்கு ஊதியமும் தருகிறார்கள். இதை அறியாமலேயே நம்மில் பலர் கதவருகே செல்வதில்லை. மூன்றாண்டுப் பி.ஏ. மட்டும் கொண்டு அங்கே நேரே சேர்வது கடினம், எம்.ஏ. முடித்துச் செல்வதே தக்கது. கடைசி நாள் பெரும்பாலும் டிசம்பர் முதல் சனவரி நடுப்பகுதிக்குள் வந்துவிடும். ஜி.ஆர்.இ. என்னும் தேர்வைப் பல துறைகள் இப்பொழுது கேட்பதில்லை. ஆங்கிலத் தேர்வு மட்டும் வேண்டும். விண்ணப்பக் கட்டணம் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திற்கும் ஆயிரக்கணக்கில் ஆகும். வசதியற்றவர்க்கு அதைத் தள்ளுபடி செய்யும் வழக்கம் பல இடங்களில் உண்டு. ஆனால் வாய் திறந்து கேட்டால்தான் கிடைக்கும்.

நம் நாட்டு அரசு பட்டியல் சாதியினர் முதலானோர்க்கு 1954-55 முதல் நடத்திவரும் தேசிய வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகையும் உள்ளது. முப்பத்தைந்து வயதிற்குள், அறுபது விழுக்காடு மதிப்பெண்ணுடன், குடும்ப வருமானம் எட்டு இலட்சத்திற்குள் என்பவை அதன் முதன்மையான விதிகள். இங்கே ஓர் எச்சரிக்கை. 2022-இல் வெளியான விதிகளில், இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு, இந்தியச் சமூகம் ஆகியவை பற்றிய ஆய்வுகளுக்கு இவ்வுதவி கிடையாது என்று சேர்த்துவிட்டார்கள். அவற்றிற்கான தரவுகளும் நூல்களும் இந்தியாவிலேயே உள்ளன என்று காரணம் கூறப்பட்டது. சாதியும் தமிழ்ப் பேச்சும் பற்றி வெளிநாட்டில் ஆராய விரும்பும் நம் பிள்ளையின் காலில் இது நேராக இடிக்கிறது. கோவை மாவட்டச் சிற்றூரை ஆராய்ந்து ஓர் ஆங்கிலேயர் பெர்க்லியில் பட்டம் பெறலாம். அச்சிற்றூரின் சேரிப் பிள்ளை அதே பொருளுக்கு நம் அரசின் பணத்தில் அங்கே செல்ல இயலாது என்றால் இதை என்னவென்று சொல்வது? இவ்விதி நல்லதன்று என்பதே என் கருத்து. விண்ணப்பிப்பவர் அந்தந்த ஆண்டின் விதியை வரிவரியாகப் படித்து, தம் பொருள் அதில் அடங்குமா என்று பார்க்க வேண்டும். அடங்காது எனில் பல்கலைக்கழகமே பணம் தரும் வழியை நாட வேண்டும். ஒலியியல், கணினி மொழியியல் போன்ற பிரிவுகளுக்கு இத்தடை இல்லை என்று நான் கருதுகிறேன்.

நான் குறிப்பிட்ட மாணவியின் செய்தியை இப்பொழுது சொல்லலாம். அவர் தாயும் பாட்டியும் காப்பித் தோட்டத் தொழிலாளர்கள். சேலத்தில் பி.ஏ. தமிழ் முடித்து, தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் எம்.ஏ. மொழியியல் பயின்றார். முடிவாண்டில் ஆறு வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்தார். ஆறும் மறுத்துவிட்டன. அதன்பின்பே அவர் தம் நோக்கக் கட்டுரையை என்னிடம் கொண்டுவந்து காட்டினார்.

நோக்கக் கட்டுரை என்பது, நீங்கள் எதை ஆராய விரும்புகிறீர்கள், அதற்கு ஏன் அந்தத் துறை, இதுவரை என்ன செய்தீர்கள் என்று ஓரிரு பக்கத்தில் எழுதுவது. அம்மாணவி எழுதியிருந்ததைப் படித்தேன். முதல் பத்தி தமிழின் தொன்மை. இரண்டாம் பத்தி தமிழின் இனிமை. மூன்றாம் பத்தியில் வீட்டின் வறுமையும் தாம் பட்ட பாடும். கடைசி வரியில், தமிழுக்குத் தொண்டாற்ற விரும்புவதாக முடிந்தது. நம் பட்டிமன்றத்தில் கைதட்டல் வாங்கும் உரைதான். ஆனால் படிக்கும் பேராசிரியர் தேடுவது ஒரு கேள்வியை. அது எங்குமே இல்லை.

"அம்மா, நீ விடுமுறையில் தோட்டத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாயே, அது என்ன?" என்று கேட்டேன். "அது ஒன்றும் இல்லை ஐயா" என்று தயங்கி, ஒரு பழைய நோட்டை எடுத்துவந்தார். காப்பிப் பழம் நிறுக்கும் இடத்தில் யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்று ஒரு பருவம் முழுவதும் அவர் குறித்துவைத்திருந்தார். எழுபது வயதுப் பாட்டியைப் பார்த்து இருபது வயது எழுத்தர் "வா" என்கிறார். பாட்டி "வாங்க சாமி" என்கிறார். இது நாம் எல்லாரும் அறிந்து மனம் புழுங்கியது. ஆனால் அவர் வேறொன்றையும் கவனித்திருந்தார். பள்ளிக்கூடம் சென்ற இளம்பெண்கள் அந்த எழுத்தரை 'நீ' என்றும் அழைப்பதில்லை, 'நீங்க' என்றும் அழைப்பதில்லை. "வந்தாச்சா?", "எடை போட்டாச்சா?", "கணக்கு முடிஞ்சாச்சா?" என்றே கேட்கிறார்கள். 'ஆச்சு' என்று முடித்துவிட்டால் வந்தவர் யார், அவருக்கு மரியாதை உண்டா இல்லையா என்பது சொல்லில் தெரிய வேண்டியதில்லை அல்லவா? பணியவும் மாட்டோம், வம்பும் வேண்டாம் என்ற இரண்டுக்கும் நடுவே தமிழிலேயே ஒரு சந்து இருக்கிறது. அச்சந்தில் இப்பெண்கள் நடந்து செல்கிறார்கள்.

இதைவிட நல்ல கேள்வி எங்கே கிடைக்கும்? மறு ஆண்டுக் கட்டுரை "வந்தாச்சா" என்ற சொல்லிலேயே தொடங்கிற்று. எந்தச் சூழலில் இவ்வடிவம் வருகிறது, வயதாலா படிப்பாலா, ஆண்களும் இப்படிப் பேசுகிறார்களா, லெவின்சன் எழுதியதில் இதற்கு இடம் உண்டா என்று அடுக்கடுக்காக வினாக்கள். தாம் தோட்டத்துப் பிள்ளை என்பதையும் மறைக்கவில்லை. இரக்கம் வேண்டிச் சொல்லாமல், தாம் எவ்வாறு அவ்விடத்தில் நின்று கேட்க முடிந்தது என்று காட்டும் அளவிற்கு ஒரு வரியில் சொன்னார். விண்ணப்பத்துடன் அனுப்பவேண்டிய மாதிரி ஆய்வுக் கட்டுரையையும் அந்நோட்டிலிருந்தே எழுதினார். அத்துறையில் எந்தப் பேராசிரியர் இப்பொருளில் உழைக்கிறார் என்று தேடி, அவர் எழுதிய கட்டுரை ஒன்றையேனும் படித்து, அதையும் குறிப்பிட்டார்.

மற்றொரு முட்டுக்கட்டை பரிந்துரைக் கடிதம். மூன்று ஆசிரியர் எழுத வேண்டும். அம்மாணவிக்கு இரண்டு கிடைத்தன. மூன்றாமவராக அவர் அணுகிய கல்லூரி ஆசிரியர், "உன் முகம் எனக்கு நினைவில்லையே" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். நம் பிள்ளைகள் கடைசி இருக்கையில் அமர்ந்து, ஆசிரியர் அறை வாசலைக்கூட மிதிக்காமல் மூன்று ஆண்டுகளையும் கழித்துவிடுகிறார்கள். அது அடக்கம் என்று அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. வேறு ஆசிரியர் ஒருவர் பின்னர் எழுதித் தந்தார். ஆகவே முதல் ஆண்டிலிருந்தே ஐயம் கேட்கச் செல்லுங்கள். கடிதம் கேட்கும்போது ஒரு மாதம் முன்னதாகக் கேளுங்கள். உங்கள் மதிப்பெண், எழுதிய கட்டுரை, கடைசி நாள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். "நல்ல மாணவி, ஒழுக்கமுள்ளவர்" என்ற கடிதத்தால் பயன் இல்லை. அவர் வகுப்பில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது அதில் இருக்க வேண்டும்.

இரண்டாம் முறையில் ஏழு விண்ணப்பம்; ஆறு மறுப்பு, ஒன்று ஏற்பு. கட்டணமின்றி, ஊதியத்துடன். இன்று அவர் அங்கே முதலாண்டு மாணவர்க்கு வகுப்பெடுக்கிறார். அவர் தாய் இப்பருவத்திலும் பழம் பறிக்கச் செல்கிறார். மகள் அனுப்பும் பணத்தில் கூரை மாற்றியாயிற்று.

பெற்றோர்கள் முகத்தில் ஒரு கேள்வி தெரிகிறது: படித்தால் வேலை கிடைக்குமா? நேராகவே சொல்கிறேன். மொழியியல் பேராசிரியர் பணியிடங்கள் குறைவு. துறைகள் சிறியவை, சில இடங்களில் ஓய்வு பெற்றவரின் இடம் நிரப்பப்படாமலே கிடக்கிறது. மற்றொரு பக்கம், பேச்சைப் புரிந்துகொள்ளும் கணினிகளும் மொழிபெயர்ப்புக் கருவிகளும் பெருகிவருகின்றன. மத்திய அரசே 2022-இல் 'பாஷினி' என்னும் மொழிபெயர்ப்புத் திட்டத்தைத் தொடங்கிற்று. இப்பணிகளுக்கு மொழியியல் அறிந்தவர் தேவை. நம் பேச்சு அக்கருவிகளுக்குப் புரியவேண்டுமானால் நம்மவர் அங்கே இருக்கவும் வேண்டும். ஆயினும் வீட்டில் உடனடியாக ஊதியம் வேண்டும் என்ற நிலையிலுள்ள பிள்ளையை இதில் தள்ளிவிட நான் துணியமாட்டேன். அப்பிள்ளை முதலில் பி.எட். முடித்து வேலையில் அமரட்டும், எம்.ஏ.வைப் பின்னரும் படிக்கலாம். ஓராண்டு மறுக்கப்பட்டால் மறு ஆண்டு விண்ணப்பிக்க வீடு தாங்குமா என்பதையும் கணக்கிட்டுக்கொண்டு இறங்க வேண்டும். பெண் பிள்ளையை அவ்வளவு தொலைவு அனுப்புவதா என்று கேட்கும் தந்தையர்க்கு ஒன்று: உங்கள் மகளைத் திருப்பூருக்கு நூற்பாலைக்கு அனுப்பும்போது இக்கேள்வியை நீங்கள் கேட்கவில்லை.

சங்கச் செயலாளரிடம் பேசியுள்ளேன். வரும் ஆவணி முதல் ஒவ்வொரு ஞாயிறும் காலை பத்து மணிக்குச் சங்க நூலக அறையில் நான் இருப்பேன். நாகலூர், மஞ்சக்குட்டை, தலைச்சோலைப் பக்கத்திலிருந்து வருவோர் முதல் பேருந்தைப் பிடித்தால் போதும். சான்றிதழ்களின் நகல் இரண்டு கொண்டுவாருங்கள். நோக்கக் கட்டுரை எழுதியிருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். எழுதவில்லை என்றால், உங்கள் பாட்டி சொல்லி நீங்கள் பள்ளியில் கேட்டறியாத பத்துச் சொற்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள், அதிலிருந்து தொடங்கலாம்.